கோளத்துக்கு உள்ளே இருப்பதை என்ன சொல்லி அழைப்பது?

வணக்கம். கோளத்தின் மேற்பரப்போடு உள்ளிருப்பதையும் சேர்த்துச் சொல்ல 'திண்மக் கோளம்' இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள்.

ஆரம் 3 செ.மீ. உள்ள கோளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்புக்கு 4πr² போட்டால் 113.1 வரும், கன அளவுக்கு (4/3)πr³ போட்டாலும் அதே 113.1 வரும். "அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?" என்று மாணவர் கேட்டால், ஒன்று சதுர செ.மீ., மற்றது கன செ.மீ. என்று அலகைக் காட்டித் தப்பிக்கலாம்தான். ஆனால் முதலில் எதை அளந்தோம், அடுத்து எதை அளந்தோம் என்று கேட்டால் இரண்டுக்கும் 'கோளத்தை' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. கறாராகப் பார்த்தால் முதலில் அளந்தது வெறும் மேல்தோலை. அதற்குத் தடிப்பே கிடையாது, கன அளவு சுழியம்.

தட்டை உருவங்களில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது. வட்டம் என்றால் கோடு, வட்டு என்றால் அந்தக் கோடு வளைத்துக்கொண்ட பரப்பு. (வன்வட்டும் குறுவட்டும் வந்தபின் வட்டு யாருக்கும் புதிதில்லை. πr² உண்மையில் வட்டின் பரப்புதான், வட்டத்தின் பரப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம், அது போகட்டும்.)

பரிமாணம் என்று வரும்போது குழப்பம் இன்னும் பெரிதாகிறது. கோளம் முப்பரிமாண உரு என்றுதான் எல்லாரும் படித்திருக்கிறோம், உயர்கணிதத்திலோ அது இருபரிமாணப் பரப்பு. பூமியின் மேற்பரப்பில் ஓர் இடத்தைச் சுட்ட அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் போதும், தரைக்குள் எவ்வளவு ஆழம் என்று கேட்டால்தான் மூன்றாவது எண் வேண்டும். இதை நம்பி 'இருபரிமாணக் கோளம்' என்று எழுதினால், வட்டத்தைத்தான் சொல்கிறோம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

சரி, என்ன சொல் வைக்கலாம்? வட்டம்-வட்டு போலக் கோளம்-கோள் என்றால் அழகுதான், ஆனால் கோள் வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, போதாததற்குக் கோள் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். பந்து என்றால் காற்றடைத்த பந்துதான் முதலில் நினைவுக்கு வரும், அதாவது மீண்டும் தோல்தான். திண்மம் என்பதை இயற்பியல்காரர்கள் திட நிலைக்கு வைத்துக்கொண்டார்கள், கோள வடிவில் நீரோ வாயுவோ இருந்தால் அதைத் திண்மக் கோளம் என்று எப்படிச் சொல்வது?

என் ஓட்டு உருண்டைக்கு. களிமண்ணையோ நூலையோ உருட்டும்போது உள்ளும் சேர்த்துத்தான் உருண்டை என்கிறோம். மேல்தோலுக்குக் கோளம், நிறைந்ததற்கு உருண்டை. பேச்சுவழக்குச் சொல், கணிதத்துக்குக் கனம் போதாது என்று ஒருவர் எழுதியிருந்தார். உருளை, கூம்பு எல்லாம் அப்படி வந்து உட்கார்ந்தவைதானே!

புழக்கத்தில் எப்படி இருக்கிறது என்று பழைய கணித அறிஞர் பாஸ்கரரின் விதியில் போட்டுப் பார்த்தேன். 1150இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் அவர் சொல்வது இதுதான்: வட்டின் பரப்பை 4ஆல் பெருக்கினால் கோளத்தின் பரப்பு, அதை விட்டத்தால் பெருக்கி 6ஆல் வகுத்தால் உருண்டையின் கன அளவு. மூன்று சொல்லும் தன் தன் இடத்தில் நிற்கின்றன. மேலே 113.1 இரண்டு முறை வந்த மர்மமும் இதிலேயே விடுபட்டுப்போகிறது: ஆரம் 3 என்றால் விட்டம் 6, ஆறால் பெருக்கி ஆறால் வகுக்கிறோம், எண் எப்படி மாறும்?

அப்புறம், அரைக்கோளம். அதற்கு 2πr² வளைபரப்பு, 3πr² மொத்தப் புறப்பரப்பு என்று இரண்டு வாய்பாடுகளை மனப்பாடம் செய்கிறோம். அரைக்கோளம் வெறும் கவிழ்த்த தோல், அதற்கு 2πr². அரையுருண்டைக்கு வெட்டுமுகமாக ஒரு வட்டும் உண்டு, அந்த πr² சேர்ந்து 3πr². அரையுருண்டை என்று சேர்த்தே எழுதலாம் என்று நினைக்கிறேன், 'அரை உருண்டை' என்று பிரித்தால் அளவில் பாதியான சின்ன உருண்டை என்று படித்துவிடுவார்கள். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.