மறு: தழைச்சத்துப் பயன்திறன் – ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

கோதுமை ஆய்வில் வரும் “nitrogen use efficiency” என்பதற்கு, அதாவது மண்ணில் கிடைக்கும் ஒவ்வொரு கிலோ நைட்ரஜனுக்கும் பயிர் எவ்வளவு தானியம் தருகிறது என்ற அளவுக்கு, தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த பதில் இது:

> “நைட்ரஜன் பயன்பாட்டுத் திறன்” என்றே வைத்துக்கொள்வோம். தழைச்சத்து என்பது உரக்கடைச் சொல்.

உரக்கடையில் புழங்குகிறது என்பதற்காகவே அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். கோதுமை ஆய்வில் அளப்பது காற்றிலுள்ள வாயுவை அல்ல. மண்ணில் நைட்ரேட்டாகவும் அம்மோனியமாகவும் கிடந்து வேருக்குப் போகும் சத்தை. உழவர்கள் அதைத் தழைச்சத்து என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே “தழைச்சத்துப் பயன்திறன்”. வேதியியல் பாடத்தில் நைட்ரஜன் இருந்துவிட்டுப் போகட்டும்.

என் கவலை வேறு. மக்காச்சோள ஆய்வுக்காக 1982இல் மால் (Moll) என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்தப் பயன்திறனை இரண்டாகப் பிரித்தார்கள். மண்ணில் கிடைக்கும் தழைச்சத்தில் பயிர் எவ்வளவு எடுத்தது என்பது ஒன்று. எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு தானியம் தந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் பயன்திறன்.

வெப்பமான இடத்துக் கோதுமைக்கு இந்தப் பிரிவு மிக முக்கியம். 2022 மார்ச்சில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மணி பால் பிடித்து முற்றும் நேரத்தில் வெயில் கொளுத்தியது. மணி சூம்பிவிட்டது. அரசுக் கொள்முதலில் சூம்பிய, உடைந்த மணிக்கான வரம்பை 6 சதவீதத்திலிருந்து 18 வரை தளர்த்தினார்கள். கோதுமை பெரும்பகுதித் தழைச்சத்தைப் பூப்பதற்கு முன்பே எடுத்துவிடும். அப்புறம் வெயில் வந்தால் மாவுச்சத்து சேர நாள் போதாது. அதனால்தான் சூம்பிய மணியில், தழைச்சத்தைக் கொண்டு உருவாகும் புரதத்தின் விகிதம் கூடியும் இருக்கும். வேர் தன் வேலையைச் செய்துவிட்டது, மணிதான் நிரம்பவில்லை. மெக்சிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில் சிம்மிட் (CIMMYT) என்ற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிறுவனத்தார் கோதுமையை வேண்டுமென்றே தாமதமாக விதைத்து வெயிலில் முற்றவிட்டு, வெப்பம் தாங்கும் ரகத்தைத் தேடுவது இந்த இரண்டாவது பாதிக்கு உதவும். ஆழமாக வேர் விடும் ரகத்தைத் தேடுவது முதல் பாதிக்கு.

பயிர் சத்தை எடுக்கும் அந்த முதல் பாதிக்குக் “கொள்திறன்” என்று நினைத்தேன். மின்கலத்துக்கும் தொட்டிக்கும் அது ஏற்கெனவே போய்விட்டது. “உறிஞ்சுதிறன்” தெளிவாக இருக்கிறது. எடுத்ததைத் தானியமாக்கும் இரண்டாவது பாதிக்கு “மணியாக்கத்திறன்” அழகான சொல், ஆனால் மணிச்சத்து என்றால் பாஸ்பரஸ். தழைச்சத்துப் பேச்சின் நடுவே அது வந்தால் படிப்பவர் நிச்சயம் தடுமாறுவார். எனவே “விளைவாக்குதிறன்”.

சரி, மணி நிரம்பும்போது அடிக்கும் அந்த வெயிலுக்கு? ஆங்கிலத்தின் “terminal heat” என்பதை “இறுதி வெப்பம்” என்று சிலர் எழுதுகிறார்கள், எதன் இறுதி என்றே புரிவதில்லை. “பால்பருவ வெப்பம்” என்றால் மணி கெட்டிப்படும் நாட்கள் விட்டுப்போகின்றன. கோதுமை பயிரிட்டுப் பழகியவர்கள் யாராவது குழுவில் இருந்தால், அந்த நாட்களை என்ன சொல்லி அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.