மறுமொழி: மல்டி சிட்டி டிக்கெட்டுக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரே தடவைல பல ஊருக்கு வரிசையா விமானம் போடற மல்டி சிட்டி டிக்கெட்டுக்கு, நம்ம பயணச் சொல் பட்டியல்ல என்ன தமிழ்ப் பேரு வைக்கலாம்னு நேத்துல இருந்து வந்த மடல் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

> பன்னாடு என்பது போல பன்னகர்ப் பயணம். இலக்கணப்படி சரியாக இருக்கிறது.

ஐயா, இலக்கணத்துல ஒரு குறையும் இல்லீங்க. ஆனா இந்தச் சொல் போய் உக்காரப் போறது போன் ஸ்கிரீன்ல ஒருவழி, இருவழிக்குப் பக்கத்துல ஒரு சின்ன பட்டன்ல. திருப்பூர்ல இருந்து துணி வாங்கற வெளிநாட்டு பையரை (வாங்கறவரை) பாக்கப் போற மெர்ச்சண்டைசர் (ஆர்டர் கவனிக்கற) பையன் அதைப் பாத்ததும் நின்னு யோசிக்கக் கூடாது. பன்னகர்னு படிச்சா யோசிப்பானுங்க. பலவூர்னு போட்டா யோசிக்க வேண்டியதே இல்ல, ஒருவழி, இருவழி, பலவூர், மூணும் ஒரே அளவுல பொருந்தியும் வருது. நம்ம பக்கம் பாரிஸா இருந்தாலும் பவானியா இருந்தாலும் ஊருன்னுதான சொல்றோம்.

> சுற்றுச்சீட்டு எளிமையாக இருக்குமே?

இது ஆகாதுங்க. ரயில்வேல சர்க்குலர் ஜர்னி டிக்கெட்னு ஒண்ணு இருக்கு, கெளம்புன ஸ்டேஷன்லயே வந்து முடியோணும், நடுவுல எட்டு எடம் வரைக்கும் எறங்கி ஏறிக்கலாம், சுற்றுச்சீட்டுங்கற பேரு அதுக்குத்தான் சரியாப் பொருந்தும். மல்டி சிட்டில கெளம்புன ஊருக்கே திரும்போணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, கோயமுத்தூர்ல ஏறி சிங்கப்பூர் போய் அங்கிருந்து சிட்னி போய் அங்கயே முடிச்சுக்கலாம்.

> பல ஊர்களைக் கோத்துக்கொண்டு போவதால் கோவைப் பயணம்.

அண்ணா, நீங்க சொன்னதுலதான் விசயமே இருக்குன்னு நெனைக்கிறேன். ஆனா பீளமேட்டு ஏர்போர்ட்டுக்கு வர்ற டிக்கெட்டும் கோவைப் பயணம்தான, அதனால கோவைய விட்டுட்டு கோர்வைன்னு வச்சுக்கலாம். கோர்வையாப் பேசுன்னு சின்னப் பிள்ளைககிட்டயே சொல்றோம், புதுசா யாருக்கும் வெளக்க வேண்டியதில்ல.

இதுக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் குடுக்கறேன்னா, நாம ஒரு பேருதான் தேடிட்டு இருக்கோம், ஆனா உள்ள இருக்கறது ரெண்டு பொருளுங்க. பலவூர்ங்கறது தேடற முறை. தேடிக் கெடைக்கறது ஒரே பி.என்.ஆர்ல (முன்பதிவு எண்ணுல) வர்ற ஒரே டிக்கெட்டாவும் இருக்கலாம், இல்லீன்னா தனித்தனி டிக்கெட்ட ஒண்ணாச் சேத்து வெலை போட்டதாவும் இருக்கலாம். பல புக்கிங் சைட்ல ரெண்டாவதுதான் வருது, அது பொடி எழுத்துல எங்கயோ கெடக்குது. ஒரே டிக்கெட்னா மொத விமானம் லேட்டாகி அடுத்தத விட்டுட்டாலும் வேற விமானத்துல ஏத்தி விடறது ஏர்லைன்ஸோட பொறுப்பு. தனித்தனின்னா ரெண்டாவது கம்பெனிக்கு உங்க மொத விமானம் லேட்டானதப் பத்தி ஒண்ணும் இல்ல, புது டிக்கெட் காசு கட்டோணும்.

ஆனா ஒரே டிக்கெட்ல ஒரு கண்டிசன் இருக்கு, அதுதான் நெறையப் பேருக்குத் தெரியாது. ஜனவரில பிராங்க்ஃபர்ட்ல ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி நடக்குது, கரூர்ல இருந்து பெட்ஷீட், கிச்சன் துணி ஏற்றுமதி பண்றவங்க நெறையப் பேரு போவாங்க. கோயமுத்தூர்ல இருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் கெடையாது, அதனால மும்பையோ டில்லியோ மாறி பிராங்க்ஃபர்ட், அப்பறம் பாரிஸ், பார்சிலோனா, திரும்பி ஊருன்னு ஒரே டிக்கெட்டாப் போட்டுக்கறாங்கன்னு வைங்க. அங்க போனதும், பாரிஸுக்கு ரயில்லயே நாலு மணி நேரம்தான, ரயில்ல போயிரலாம்னு அந்த விமானத்த மட்டும் விட்டுட்டாங்கன்னா, அதுக்குப் பின்னால இருக்கற பார்சிலோனாவும் ஊருக்குத் திரும்பறதும் சேந்து ரத்தாயிரும், பெரும்பாலான ஏர்லைன்ஸ்ல இதுதான் விதி. பூமாலைல நடுவுல நூல அறுத்தா அதுக்கப்பறம் இருக்கற பூவெல்லாம் உதுந்துருதுல்லீங்க, அதேதான். சொல்லாமக் கொள்ளாம விட்டாத்தான் இந்த வம்பு, முன்னாடியே ஏஜென்டுகிட்டச் சொன்னா மாத்தி எழுதிக் குடுப்பாங்க, கொஞ்சம் காசு போகும் அவ்வளவுதான்.

அதனால என் கருத்து, தேடற பட்டனுக்கு பலவூர், ஒரே பி.என்.ஆர்ல வந்த டிக்கெட்டுக்கு கோர்வைச் சீட்டு, தனித்தனியா இருந்தா தனிச்சீட்டுகள். காசு கட்டற பக்கத்துல இது கோர்வைச் சீட்டு, வரிசை மாத்தாமப் பயணம் பண்ணோணும்னு ஒரு வரி இருந்தா எத்தனையோ பேரு ஏர்போர்ட்ல நின்னு தவிக்கறது மிச்சம்.

ஸ்டாப்ஓவர், கனெக்‌ஷன் ரெண்டையும் இடைநிறுத்தம்னு ஒரே சொல்லுல போட்டுருக்காங்க பட்டியல்ல. இதப் பிரிச்சே ஆகோணும். சர்வதேசப் பயணத்துல 24 மணி நேரத்துக்கு மேல ஒரு ஊர்ல இருந்தா அது ஸ்டாப்ஓவர், அதுக்குள்ள கெளம்பிட்டா கனெக்‌ஷன், கட்டணமே அதை வச்சு மாறும். ஈரோட்டுல எறங்கி வண்டி மாறிக்கங்கன்னு சொல்ற மாதிரி கனெக்‌ஷனுக்கு மாறல், ஸ்டாப்ஓவருக்கு இடைத்தங்கல், போதுமுங்க.

> ஓப்பன் ஜா = திறந்த தாடை

இது மட்டும் வேண்டாமுங்க, தயவு செஞ்சு. ஒரு ஊர்ல எறங்கி வேற ஊர்ல இருந்து திரும்ப ஏறறதுக்குத்தான் அந்தப் பேரு. மேல சொன்ன கரூர்க்காரங்களுக்கு உண்மைல இதுதான் தோது, பிராங்க்ஃபர்ட்ல எறங்கி, நடுவுல ரயில்ல சுத்திட்டு, பார்சிலோனாவுல ஏறிக்கலாம், விட்டுப் போக ஒரு விமானமும் இருக்காது. வேறூர்த் திரும்பல்னு வச்சுப் பாத்தேன், இன்னும் சுருக்கமாக் கெடைச்சா சொல்லுங்க.

> > கோர்வைச் சீட்டு
> எனக்கும் சம்மதம். ஆனால் லெக் (பயணத்தின் ஒரு பகுதி) என்பதற்குக் கண்ணி என்று வைத்தால் கோர்வையோடு சேர்ந்து வருமே?

நல்லாத்தான் இருக்குங்க அக்கா, ஆனா விமான டிக்கெட்ல கண்ணின்னு பாத்தா கண்ணிவெடி நெனப்பு வருது. கட்டம்னு வச்சுக்கலாமுங்களா? மொதக் கட்டம் கோயமுத்தூர் – மும்பை, ரெண்டாங் கட்டம் மும்பை – பிராங்க்ஃபர்ட். வேற யாருக்கும் மறுப்பு இல்லீன்னா பலவூர், கோர்வைச் சீட்டு, மாறல், இடைத்தங்கல், கட்டம் அஞ்சையும் பட்டியல்ல ஏத்திரலாம், வேறூர்த் திரும்பல மட்டும் இன்னொரு வாரம் பேசலாம்.