132,255: ஐயாவின் வாக்கா, வீட்டின் வாக்கா?

சுன்னாகத்தான்:
"விக்னேஸ்வரன் ஐயா கட்சியை நம்பாமல் 2013இல் 132,255 வாக்கு எடுத்த தலைவர்" என்று ஒருவர் எழுதியதை இரண்டு நாளாக எல்லாரும் பகிர்ந்துகொண்டு திரிகிறீர்கள். அது வடக்கு மாகாண சபைத் தேர்தல். சீட்டில் முதல் புள்ளடி கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்கு. அதற்குப் பிறகுதான் வேட்பாளரின் இலக்கத்துக்கு விருப்பு வாக்கு. வீட்டை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டிருந்தால் எண்ணியிருப்பார்களா?

மானிப்பாய் மகன்:
வந்துவிட்டார் வீட்டுக்காரர். அதே வீட்டில் நின்ற சித்தார்த்தனுக்கு 39,715. மிச்சப் பேருக்கு ஏன் விழவில்லை? 132,255 ஐயாவின் சொந்த வாக்கு.

சுன்னாகத்தான்:
சொந்த வாக்காம்! ஒரு வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்கு இருக்கிறது, தெரியுமா? அதே வீட்டில் நின்ற அனந்திக்கு 87,870. தேர்தலுக்கு முதல் அவர் குடியிருந்த வீட்டைத் தாக்கி, தேர்தலன்று காலை 'உதயன்' பத்திரிகையின் பெயரில் போலிப் பேப்பர் அடித்து, அவர் அரசு பக்கம் போய்விட்டார் என்று கதை கட்டியும் அவ்வளவு விழுந்தது. கட்சிக்காரர் மாவையை விட்டுவிட்டு கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா விக்னேஸ்வரனை முதலமைச்சர் வேட்பாளராக நிறுத்தினார். முதலமைச்சர் வேட்பாளருக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது?

பருத்தித்துறைப் பெடியன்:
மாகாண சபையே 2018 ஒக்டோபரில் கலைந்தது. அடுத்த தேர்தல் எங்கே என்று யாராவது கேளுங்கோவன்.

சுன்னாகத்தான்:
தம்பி, அது வேறு திரி. 2020இல் வீட்டை விட்டுத் தனிக் கூட்டணியாக மீன் சின்னத்தில் நின்ற விக்னேஸ்வரனுக்கு விழுந்தது 21,554. சொந்த வாக்கென்றால் மிச்சம் 110,701 எங்கே? கிணற்றுக்குள் விழுந்ததோ?

மானிப்பாய் மகன்:
அது பாராளுமன்றத் தேர்தல். சரி, கணக்குத்தான் வேண்டுமென்றால் பாரும். 2013இல் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு 213,907, அதில் ஐயாவுக்கு நூற்றுக்கு 62. 2020இல் அவருடைய கூட்டணிக்கு 35,927, அதில் நூற்றுக்கு 60. சின்னம் மாறியும் பங்கு பெரிதாகக் குறையவில்லை. செல்வாக்கு என்றால் அதுதான்.

சுன்னாகத்தான்:
பெரிய நன்றி. நான் சொன்னதை நீரே கணக்காக எழுதித் தந்துவிட்டீர். மனிதர் அதே மனிதர், பங்கும் கிட்டத்தட்ட அதே பங்கு. இல்லாமல் போனது வீடு. 132,255 வீட்டின் வாக்கு.

டொரன்டோ வாசி:
2017 ஜூனில் முதலமைச்சராக இருந்த ஐயாவுக்கு எதிராக 21 மாகாண சபை உறுப்பினர்கள் ஆளுநரிடம் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொடுத்தபோது யாழ்ப்பாணமே கடையைப் பூட்டி அவருக்காக நின்றது. பிரேரணையைப் பிறகு திருப்பி எடுத்தார்கள். அந்தச் சனமும் வீட்டுச் சனமோ?

சுன்னாகத்தான்:
கடை பூட்டியதை நான் இங்கே நின்று பார்த்தேன். நீர் அங்கே பனி வழித்துக்கொண்டிருந்திருப்பீர்.

டொரன்டோ வாசி:
ஜூனில் டொரன்டோவில் பனியா? தேர்தல் கணக்குத்தான் பிழை என்று நினைத்தேன், பூமிசாஸ்திரமும் போச்சு.

மானிப்பாய் மகன்:
ஹாஹா. உள்ளூராட்சித் திரியிலும் இப்படித்தான் மாட்டுப்பட்டு, பதில் சொல்லாமல் ஓடினவர்.

சுன்னாகத்தான்:
ஓடினது யார் என்று அந்தத் திரியில் இருக்கிறது, போய் வாசியும். பனியை விடும். 2013இல் நீர் வீட்டுக்குப் புள்ளடி போட்டீரா, இல்லையா? ஓம் என்றால் ஓம் என்று சொல்லும்.

மானிப்பாய் மகன்:
இரகசிய வாக்கெடுப்பு, அண்ணை.

சுன்னாகத்தான்:
அப்போ போட்டிருக்கிறீர்.

மானிப்பாய் மகன்:
ஐயாவுக்குப் போட்டேன்.