இல்லாத மன்னிப்பை நடித்துக் காட்டுவது முறையா?

காரைக்குடியிலிருந்து கேள்வி:
போபால் விஷவாயு விபத்தின் நினைவு நாளான டிசம்பர் 3 அன்று, எங்கள் கல்லூரி நாடகக் குழு கொப்புடையம்மன் கோயில் அருகே தெருநாடகம் நடத்த விரும்புகிறது. நிறுவன அதிகாரியாகவும் அமைச்சராகவும் வேடமிட்டவர்கள் இழப்பீடு அறிவித்தால், மக்கள் அதை உண்மையென்று நம்பிவிட மாட்டார்களா? இதற்கு முன்னுதாரணம் ஏதும் உண்டா?

தேவகோட்டையிலிருந்து பதில்:
உண்டு, தம்பி. 2004ஆம் ஆண்டு அதே நாளில், பெரிய நிறுவனங்களின் பேச்சாளர்களாக வேடமிட்டு அவற்றை அம்பலப்படுத்தும் 'தி யெஸ் மென்' குழுவைச் சேர்ந்த ஒருவர், போபால் ஆலையை நடத்திய யூனியன் கார்பைடை 2001இல் வாங்கிய டவ் நிறுவனத்தின் பேச்சாளராக பிபிசியில் தோன்றினார். கோட்டும் டையும் அணிந்து, விபத்துக்கு முழுப் பொறுப்பேற்பதாகவும் 1,200 கோடி டாலர் வழங்குவதாகவும் நிதானமாக அவர் அறிவித்ததும், நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. நியாயம் செய்யப்போவதாகச் சொன்னதற்கே முதலீட்டாளர்கள் பங்குகளை விற்றார்கள் என்பதைவிடக் கூர்மையான அம்பலப்படுத்தல் வேறு எது? 1989இல் ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீடோ வெறும் 47 கோடி டாலர்.

பள்ளத்தூரிலிருந்து பதில்:
குறும்பின் கூர்மையை நானும் மதிக்கிறேன். ஆயினும், இருபது ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்குச் சிறிது நேரமேனும் பொய்யான நம்பிக்கை தந்தது கொடுமை என்றே கருதுகிறேன். நாடகம் முடிவதற்குள் வேடத்தைக் கலைத்து, அறிவிப்பு பொய்யென்று உரக்கச் சொல்லிவிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து மீண்டும்:
ஐயா சொல்வது சரி. அந்த அறிவிப்பு பொய்யென்பதும் அன்றே வெளியானது. ஆனால் 2009இல் அமெரிக்க வணிகச் சபையின் பெயரில் போலிச் செய்தியாளர் கூட்டம் நடத்தியபோது அக்குழு வழக்கைச் சந்தித்தது. எனவே, தம்பி, கற்பனைப் பெயர்களையே வையுங்கள். காவல் நிலையத்தில் முன்னனுமதியும் வாங்கிவிடுங்கள்.