கிரீப்பேஜுக்கு ‘தவழ்வு’ வேணாம், ‘உருள்நழுவல்’ வைக்கலாம்

அண்ணே வணக்கம். ரயில் சக்கரமும் தண்டவாளமும் தொடுற இடத்துல நடக்குற சின்ன நழுவலை இங்கிலீஷ்ல கிரீப்பேஜ், சுருக்கமா கிரீப்னு சொல்றாங்கல்ல, அதுக்கு நம்ம கலைச்சொல் பட்டியல்ல நீங்க போட்ட ‘தவழ்வு’ங்கிற சொல்லை ரெண்டு நாளா மனசுல வச்சு பாத்தேன், ஒட்டல. மண்டபம் ஊருல டீக்கடையில ரயில்வே லைன் வேலை பாக்குற ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன், “தண்டவாளம் நகந்து போறது தானே தம்பி, கிரீப்பு”ன்னாரு. அவரு சொன்னதும் சரிதான், வண்டி ஓடி ஓடி தண்டவாளமே நீளவாக்குல கொஞ்சங்கொஞ்சமா நகரும், அதுக்கும் கிரீப்னுதான் பேரு. அதிக சூட்டுல சுமை தாங்குற இரும்பு வருஷக்கணக்குல மெல்ல நீளுதே, அதுவும் கிரீப். இங்கிலீஷ்ல இந்த ரெண்டும் நம்ம சக்கரத்து கிரீப்பும் ஒண்ணா கிடந்தா நாமளும் ஏன் ஒண்ணா போடணும்? தவழ்வை தண்டவாளத்துக்கே குடுத்துருவோம்.

நமக்கு வேண்டியது சக்கரம் தொடுற இடத்துல நடக்குறது. இன்ஜின் சக்கரம் சுத்துன கணக்குக்கு 100 மீட்டர் போயிருக்கணும், வண்டி 99.8 மீட்டர்தான் போயிருக்குன்னா 0.2 சதவீதம் கிரீப்பேஜ். இத்தனைக்கும் சக்கரம் வழுக்கவே இல்ல! தனுஷ்கோடி மணல்ல நடந்தவங்களுக்கு இது புரியும், கால் சறுக்காது, ஆனா ஒவ்வொரு எட்டுலயும் மணல் கொஞ்சம் பின்னால போகும், வச்ச எட்டுக்கு போன தூரம் குறைஞ்சிருக்கும். ரெண்டு இரும்பும் அமுங்கி சுண்டுவிரல் நகம் அளவு இடத்துலதான் தொடுது, ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1882லயே அதை நீள்வட்டமா கணக்கு போட்டுட்டாரு, அந்த இடத்துக்குள்ள முன்பக்கம் ஒட்டியிருக்கும் பின்பக்கம் நழுவும், இழுவை கூட கூட நழுவுற பகுதி முன்னால பரவும், மொத்தமும் நழுவுனாதான் வழுக்கல். அதனாலதான் சொல்றேன், உருள்றதும் நழுவுறதும் சேந்தே பேருல வரணும். உருள்நழுவல்.

அது பிறப்பிக்குற விசை, உருள்நழுவல் விசை. நழுவல் கொஞ்சமா இருக்குறப்ப விசையும் அதே விகிதத்துல ஏறும், அப்புறம் உராய்வுக் குணகத்தையும் சக்கரத்து மேல இருக்குற சுமையையும் பெருக்குன அளவுல போயி நின்னுரும். பாம்பன் மாதிரி கடல் ஈரம் படியுற எடத்துல அந்த உச்சமே இறங்கிரும், இதை நம்மூரு ஆளுங்களுக்கு தமிழ்லயே சொல்ல முடியணும்ல.

சக்கரமும் தண்டவாளமும் தொடுற அந்த சின்ன இடத்துக்கு, அதாவது காண்டாக்ட் பேட்ச்சுக்கு, ‘தொடுபரப்பு’னு இன்னொருத்தர் எழுதியிருந்தாரு. தப்பில்ல, ஆனா பரப்புன்னா பெருசா விரிஞ்ச மாதிரி இருக்கு. ‘தொடுதிட்டு’ன்னு வைக்கலாமே. அரிச்சல்முனையத் தாண்டி கடலுக்கு நடுவுல நிக்கிற மணல்திட்டு மாதிரி தனியா, சின்னதா, ஓரம் மாறிக்கிட்டே இருக்குற ஒண்ணுன்னு கேட்டவுடனே தெரியும்.

கால்க்கர்ங்கிற டச்சு ஆய்வாளர் 1967ல நெதர்லாந்து டெல்ஃப்ட்ல போட்ட கணக்குல உருள்நழுவல் மூணு வகையா வருது. நெடுக்கு நழுவல், பக்க நழுவல் ரெண்டும் சரியா அமையுது. மூணாவது ஸ்பின்னுக்கு ‘சுழல்’ வைக்கக்கூடாது, சக்கரமே சுழலுதுல்ல, குழம்பிரும். தொடுதிட்டுக்கு செங்குத்தான அச்சுல திருகுறதைத்தான் சொல்றாங்க, அதனால ‘திருகு நழுவல்’. ஒண்ணு கவனிங்க, முதல் ரெண்டும் வெறும் விகிதம், அலகு கிடையாது, திருகுக்கு மட்டும் மீட்டர் கீழ்ல வரும் (1/மீட்டர்), அதனால பொதுப்பேரோட ‘விகிதம்’னு ஒட்ட வேணாம்.

திருகுக்கு இதைவிட நல்ல சொல் உங்ககிட்ட இருந்தா சொல்லுங்கண்ணே, மத்ததையெல்லாம் பட்டியல்ல ஏத்திரலாம்.