எஞ்சின் மாற்றிய ஸ்விஃப்ட் வாங்கலாமா?

சூரமங்கலத்துக்காரர்: 2014 டீசல் ஸ்விஃப்ட், பாடி சுத்தம். எஞ்சின் மாற்றியதாக ஓனரே சொல்கிறார். 3 லட்சம் கேட்கிறார், அப்பா வேண்டாம் என்கிறார்.

ஏற்காடு டிரைவர்: ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரை, எஞ்சின் பிளாக்கில் (எஞ்சினின் உலோக உடலில்) அடித்த நம்பரோடு டார்ச் அடித்து நீங்களே ஒப்பிடுங்கள் அண்ணா. ஆர்.டி.ஓ.வில் பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றவும் இன்சூரன்ஸ் வாங்கவும் நீங்கள்தான் அலைய வேண்டும்.

அம்மாப்பேட்டை மெக்கானிக்: புது எஞ்சினா, உடைத்த வண்டியில் எடுத்ததா? அதை வைத்துத்தான் விலை. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள், நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அப்புறம் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றி டெம்பரேச்சர் முள் அளவுக்கு மீறி ஏறுகிறதா என்று பாருங்கள்.

சூரமங்கலத்துக்காரர்: கேட்டேன், பில் இல்லையாம். ஆர்.சி.யில் பழைய நம்பர்தான்.

அம்மாப்பேட்டை மெக்கானிக்: சரி, அவரே பதிந்து தரட்டும். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.