வி-ஸ்கோர் பேனலை உடைத்தபின் ஓரத்து கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகுது – காரணம் என்ன?

சால்டர்கை:
போர்டு 1.6 மி.மீ எஃப்ஆர்-4 (கண்ணாடி நார் பலகை), நாலு லேயர். 2×5 பேனல் (பத்து போர்டு ஒண்ணா சேர்ந்த பலகை), எல்லாப் பக்கமும் வி-ஸ்கோர் (பிரிச்சு உடைக்க மேலும் கீழும் வெட்டின V வடிவப் பள்ளம்). ஐசிடி டெஸ்ட் (பின்களை வச்சு ஒவ்வொரு பார்ட்டையும் அளக்கிறது) பேனலாகவே நடக்குது, எல்லாம் பாஸ். அப்புறம் கையால உடைச்சு பர்ன்-இன் (பவர் கொடுத்து ரொம்ப நேரம் ஓட விடுற சோதனை) போட்டா சில போர்டுகள்ல 24 வோல்ட் லைன் ஷார்ட். எப்பவும் ஒரே இடம்தான்: ஸ்கோர் கோட்டிலிருந்து 2 மி.மீ தள்ளி, கோட்டுக்குக் குறுக்கா நிக்கிற 1210 சைஸ் (சுமார் 3.2×2.5 மி.மீ) செராமிக் கெப்பாசிட்டர். மைக்ரோஸ்கோப்ல விரிசல் தெரியல. வேற லாட் போட்டும் அதே கதை. பார்ட்ல குறையா, உடைக்கிற முறையிலயா? ரௌட்டர் மெஷின் (சுத்துற பிட்டால போர்டை வெட்டிப் பிரிக்கிறது) இல்லாம சரி பண்ண வழி உண்டா?

ரீஃப்ளோ245:
லாட் மாத்தியும் அதே இடத்துல போகுதுன்னா பார்ட் மேல பழி போடாதீங்க. இது போர்டு வளைஞ்சதால வந்த விரிசல். போர்டு வளையும், செராமிக் வளையாது. இழுவிசை சால்டர் வழியா ஏறி, கெப்பாசிட்டரின் அடியில் டெர்மினேஷன் (முனையில் சால்டர் பிடிக்கும் உலோக உறை) முடியும் இடத்தில் விரிசல் தொடங்கும். அங்கிருந்து ஏறக்குறைய 45 டிகிரியில் மேலே போகும். பெரும்பாலும் டெர்மினேஷனுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும். அதனால மேலிருந்து பார்த்தா தெரியாது, குறுக்கே வெட்டி பாலிஷ் பண்ணித்தான் பார்க்கணும். கெப்பாசிட்டன்ஸ் அளந்தாலும் முதல்ல சரியாவே காட்டலாம். வோல்டேஜும் ஈரமும் சேர்ந்து லீக்கேஜை ஏத்தின பிறகுதான் ஷார்ட் ஆகும்.

உடைக்கிறதுக்கு முன்னாடி செய்யும் டெஸ்ட் இதைப் பிடிக்கவே பிடிக்காது. ஃபங்ஷன் டெஸ்டை உடைச்ச பிறகு வையுங்க. அதுவும் எல்லாத்தையும் பிடிக்காது, வளைவைக் குறைக்கிறதுதான் வழி.

மெஷின் இல்லாம செய்யக்கூடியது: முதல்ல ஸ்கோரில் மிச்சமிருக்கும் தடிமனை அளங்க. உடைஞ்ச விளிம்பைப் பார்த்தா, மேலும் கீழும் வழுவழுப்பான சரிவு, நடுவுல நார் நாராகக் கிழிஞ்ச பட்டை தெரியும். அந்தப் பட்டையின் அகலம்தான் மிச்சம். 1.6 மி.மீ போர்டுக்கு 0.4–0.5 மி.மீ போதும். அதுக்கு மேல போனா கைக்கு வேலை கூடும், கெப்பாசிட்டருக்கு வேதனை கூடும்.

அடுத்து, ஒரு முனையிலிருந்து துணி கிழிக்கிற மாதிரி உடைக்காதீங்க. வளைவோட முறுக்கலும் சேர்ந்துடும். கோட்டை ஒட்டி, முழு நீளத்துக்கும் போர்டைப் பிடிச்சுக்கிற ஒரு ஜிக் (பிடிமானச் சட்டம்) செய்யுங்க. கெப்பாசிட்டர் இருக்கிற பாதி ஜிக்குக்குள்ள இருக்கட்டும். கெப்பாசிட்டர் இருக்கும் முகம் உள்பக்கமா மடங்கணும், அதாவது அமுங்கணும், இழுபடக் கூடாது. ரெண்டு பக்கமும் பார்ட்ஸ் இருக்கும் போர்டுக்கு நல்ல திசைன்னு ஒண்ணு கிடையாது.

உருளும் பிளேடு கட்டர் விலை குறைவு, கையைவிட எவ்வளவோ மேல். ஆனா பிளேடு மழுங்கினாலும் மேல்-கீழ் பிளேடு நேர்கோட்டில் இல்லாட்டாலும் அதுவே போர்டை வளைக்கும்.

லேயவுட்காரன்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனா வேர் லேயவுட்ல இருக்கு. கோட்டுக்குக் குறுக்கா நிக்கிற கெப்பாசிட்டர்தான் வளைவை முழுசா வாங்கும். அடுத்த ரிவிஷன்ல 90 டிகிரி திருப்பி, நீளவாட்டம் கோட்டுக்கு இணையா வையுங்க. குறைஞ்சது 5 மி.மீ உள்ளே தள்ளுங்க. இடமில்லைன்னா பேடுக்கும் (பார்ட்டை சால்டர் பண்ற செம்புப் பரப்பு) கோட்டுக்கும் நடுவுல ஒரு ஸ்லாட் வெட்டுங்க. 1210-க்குப் பதிலா அதைவிடச் சின்ன 0805 சைஸ் சிலதை இணையாப் போடலாம், டிசி பயஸ்ல (டிசி வோல்டேஜ் ஏறி நிக்கும்போது) கெப்பாசிட்டன்ஸ் எவ்வளவு இறங்குதுன்னு பார்த்துட்டு. லேயவுட்டைத் தொடவே முடியாதுன்னா, சாஃப்ட் டெர்மினேஷன் வகை (முனை உறையில வளைவைத் தாங்கும் மெத்தென்ற அடுக்கு உள்ளது) அதே பேடுல உட்காரும்.

டிரேஸ்விட்த்:
உடைக்கிறது மேல மட்டும் குறி வைக்காதீங்க. ஐசிடி ஃபிக்ஸ்சரில் பின்களுக்கு எதிரே தாங்கல் சரியா இல்லைன்னா அங்கேயே போர்டு வளையும். ரீஃப்ளோவிலும் (சால்டரை உருக்குற அடுப்பு) வி-ஸ்கோர் பேனல் நடுவுல தொங்கும், கோடு கன்வேயருக்கு இணையா ஓடினா இன்னும் மோசம்; நடுத் தாங்கலோ பேலட்டோ வேணும். பேனலை ஒரு மூலையில பிடிச்சு ஒரு கையால தூக்குறதும் அதே வளைவுதான். எதிரெதிர் ஓரங்களை ரெண்டு கையால பிடிக்கணும்.

எந்த இடம்னு ஊகிக்க வேண்டாம், ஸ்ட்ரெயின் கேஜ் (போர்டு எவ்வளவு இழுபடுதுன்னு அளக்கும் சென்சார்) ஒட்டுங்க. கெப்பாசிட்டர் பேடுக்குப் பக்கத்துல ஒண்ணு ஒட்டி, ஒவ்வொரு படியிலும் பதிவு பண்ணுங்க. வழிமுறை ஐபிசி/ஜெடெக்-9704-ங்கிற தொழில்துறை வழிகாட்டியில இருக்கு. செராமிக் கெப்பாசிட்டருக்கு 500 மைக்ரோஸ்ட்ரெயினை (நீளத்துல பத்து லட்சத்துக்கு 500 பங்கு நீட்சி) வரம்பா வைக்கிறவங்க நிறைய.

இன்னொண்ணு, யாராவது "மவுஸ்பைட்டுக்கு மாறு"ன்னு (வி-ஸ்கோருக்குப் பதிலா, வரிசையாத் துளை போட்ட சின்ன டேப்கள், அதாவது இணைப்புத் துண்டுகள், போர்டுகளைப் பிடிச்சிருக்கிற முறை) சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: அதையும் கையால உடைச்சா சுமை முழுக்க அந்தச் சின்ன டேபில் குவியும், எதிரே கெப்பாசிட்டர் இருந்தா தொலைஞ்சது. டேபை 2 மி.மீ பிட்டால ரௌட் பண்ணினாதான் வளைவு உண்மையில் குறையும். அப்போ கண்ணாடி நார்த் தூசு வரும்: வேக்குவமும் மாஸ்கும் கட்டாயம். பிட் சுத்துறதுல ஸ்டாடிக்கும் ஏறும், அயனைசர் (ஸ்டாடிக்கை நீக்கும் கருவி) வேணும்.

சால்டர்கை:
விளிம்பை அளந்தேன். மிச்சம் 0.7 மி.மீ! மேல்-கீழ் வெட்டு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேராவும் இல்ல. கேஜ் ஆர்டர் போட்டாச்சு.

ரீஃப்ளோ245:
அப்போ ஃபேப் டிராயிங்ல (போர்டு செய்யுறவங்களுக்குக் கொடுக்கிற வரைபடம்) மிச்சத் தடிமனை டாலரன்ஸோட எழுதுங்க, மேல்-கீழ் விலகலுக்கும் ஒரு வரம்பு போடுங்க. "வி-ஸ்கோர்"னு மட்டும் எழுதினா அவங்க இஷ்டத்துக்குத்தான் வரும். ஏற்கெனவே கையால உடைச்ச போர்டுகள்ல அந்த 1210-ஐ மாத்தாம அனுப்பாதீங்க.